16 வயது வரை சமூக வலைத்தளத்துக்குத் தடை: நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குச் சரிவருமா?

பாலக்கோடு டீச்சர்:
ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை. இங்கேயும் வர வேண்டும் என்பேன். என் வகுப்பு மாணவி ஒருத்தி படம் போடுவாள். சற்று நேரத்தில் லைக் ஏறாவிட்டால் எடுத்துவிடுவாள். பிறகு அதே முகத்தை வெளுப்பாக்கி மறுபடியும் போடுவாள். ஃபேஸ்புக் நிறுவனத்துக்கே இது தெரியும். 2021இல் கசிந்த அவர்களுடைய சொந்த ஆய்வில், தங்கள் உடலை நினைத்து வருந்தும் பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்றார்கள்.

பென்னாகரத்தான்:
மீதிப் பேரை விட்டுவிட்டீர்களே டீச்சர்! 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சம் பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். ஒருவருக்கொருவர் மனநலம் வேறுபடுவதில் டிஜிட்டல் கருவிகளின் பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான். எங்கள் பக்கம் பத்தாவது முடிப்பதற்குள் மாப்பிள்ளை பேச்சு தொடங்கிவிடும் வீடுகள் உண்டு. அந்தப் பெண் முகம் வாடுவதற்கு ஃபோனா காரணம்? பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் பெற்றோரை அவள் பார்ப்பதே அதில்தான்.

பாலக்கோடு டீச்சர்:
வீடியோ காலை யார் தடுத்தார்கள்? உங்கள் 0.4, டி.வி., விளையாட்டு, கணினி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அடுத்தவள் முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டபடி நள்ளிரவுவரை விழித்திருப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாங்கொட்டை:
பிள்ளைகள் இருக்கட்டும். 'ஒரே ஏக்கரில் பத்து லட்சம்' என்று எவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, மா விலை விழுந்த வருடத்தில் தன்னையே உதவாக்கரை என்று திட்டிக்கொள்கிறார் என் சித்தப்பா. தோத்தாபுரி மாம்பழத்தின் விலையை முடிவு செய்வது மாம்பழக் கூழ் ஆலைகள். பழியை மட்டும் அவர் சுமக்கிறார். அவருக்கு எந்தச் சட்டம்? 2018இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 மாணவர்கள். ஒரு தளத்துக்கு நாளுக்குப் பத்து நிமிடம் என்று குறைத்துக்கொண்டவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அளவாக வைத்துக்கொண்டால் போதும், தடை எதற்கு?

பென்னாகரத்தான்:
அவர்கள் தாங்களாக முன்வந்த கல்லூரிக்காரர்கள் அண்ணா. ஒன்பதாவது படிக்கிறவளின் பத்து நிமிடத்தை யார் எண்ணுவது? வீட்டில் இருப்பது பாட்டி மட்டும்.

பாலக்கோடு டீச்சர்:
அப்படியானால் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்!

பென்னாகரத்தான்:
வரவில்லை. இன்ஸ்டாகிராமில் 13 வயது என்ற விதி இப்போதே இருக்கிறது. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு நுழைகிறார்கள். 13ஐக் காப்பாற்ற முடியாதவர்கள் 16ஐ எப்படிக் காப்பாற்றுவார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.