பையன்களுக்கும் எச்பிவி ஊசியா? ஒரே வருடத்தில் மாறிய கணக்கு

செந்தாமரை
பிரிட்டனில் தடுப்பூசி விஷயத்தில் அரசுக்கு ஆலோசனை சொல்ல ஜேசிவிஐ என்றொரு குழு இருக்கிறது. எச்பிவி என்பது பாலுறவில் பரவும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். பையன்களுக்கும் அதற்கான ஊசி போட்டால் செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 2017 ஜூலையில் சொன்னார்கள். அடுத்த ஜூலையில் போடலாம் என்றார்கள். 2019-ல் பள்ளிகளில் போடவும் ஆரம்பித்தாயிற்று. ஒரே வருடத்தில் வைரஸா மாறிவிட்டது? நோய் எப்படிப் பரவும், ஊசியால் என்ன பலன் என்று கணித மாடல் போடுகிறவர்கள் கேட்பவருக்குப் பிடித்த மாதிரி ஜாதகம் கணிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார்
வைரஸ் மாறவில்லை அம்மா, வட்டி மாறியது. இன்று போடும் ஊசியால் தவிரும் புற்றுநோய் 30, 40 வருடம் கழித்து வரவேண்டியது. அந்தப் பலனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழிப்பார்கள். 40 வருடம் கழித்து வரும் 100 பவுண்டு, 3.5% கழித்தால் இன்று 25 பவுண்டு, 1.5% என்றால் 55. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். முதல் வீதத்தில் தேறாத கணக்கு இரண்டாவதில் தேறியது.

செந்தாமரை
அந்த வீதத்தை வைத்தது மனிதர்கள்தானே? அதைத்தான் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார்
சரி, காசை விடுங்கள். ஒரு பொம்மைக் கணக்கு. தொற்றுள்ள ஒரு பெண்ணிடமிருந்து 2 ஆண்களுக்கு, ஒரு ஆணிடமிருந்து 2 பெண்களுக்குப் பரவுகிறது. ஒரு சுற்றில் ஒன்று நான்காகிறது. பெண்களில் 75% பேருக்கு ஊசி போட்டால் 2 × 2 × 0.25 = 1, பரவல் வளராது. இருபாலாரிலும் பாதிப்பேருக்குப் போட்டால் 2 × 0.5 × 2 × 0.5, அதுவும் 1. ஆனால் 100 பெண்ணும் 100 ஆணும் உள்ள ஊரில் முதல் வழிக்கு 75 பேர் போதும், இரண்டாவதற்கு 100 பேர் வேண்டும். பிரிட்டனில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் ஊசி போட்டிருந்தார்கள். பையன்களுக்குப் போடுவது உபரி என்று தோன்றியதில் யாருடைய விருப்பமும் இல்லை.

யாழ்
வாத்தியார் ஊரில் ஆணை விரும்பும் ஆணே கிடையாதா சார்? பெண்களுக்குப் போட்ட ஊசியின் நிழல் அவர்கள் மேல் விழாது. இங்கிலாந்தில் 2018-ல் அவர்களுக்கு 45 வயது வரை பாலியல் நல கிளினிக்குகளில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஆனால் கிளினிக்குக்கு வரும் வயதில் பலருக்குத் தொற்று வந்து போயிருக்கும். 12 வயதில் எந்தப் பையன் யாரை விரும்புவான் என்று பார்த்தா போட முடியும்? இதே வைரஸால் ஆண்களுக்கும் வரும் தொண்டைப் புற்றுநோயும் உங்கள் பொம்மையில் இல்லை.

கணக்கு வாத்தியார்
ஒத்துக்கொள்கிறேன், அது பொம்மையின் ஓட்டை. ஆனால் 2019 கடைசியில் ஊசித் தட்டுப்பாடு வந்தபோது, பையன்களுக்குப் போடுவதைத் தள்ளிவையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே சொன்னது. ஏழை நாட்டுப் பெண்பிள்ளைக்குப் போகவேண்டிய ஊசி அது.

செந்தாமரை
ஜப்பானுக்கு வாருங்கள். 2013-ல் பக்கவிளைவு பயத்தில் அரசு தன் பரிந்துரையை நிறுத்தியது. 70% அளவில் இருந்த பெண்பிள்ளைகளின் ஊசி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. எந்த மாடலில் இருந்தது அந்த பயம்?

யாழ்
அதனால்தான் அக்கா பையன்களும் வேண்டும் என்கிறேன். ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் கொஞ்சமாவது தாங்கும்.

கணக்கு வாத்தியார்
பயத்தை மாடல் முன்கூட்டிச் சொல்லவில்லைதான். அதன் விலையைச் சொன்னது. 2013 முதல் 2019 வரை ஊசி சரிந்ததால் மட்டும், 1994 முதல் 2007 வரை பிறந்த பெண்களில் வாழ்நாளில் 5,000-க்கு மேற்பட்டோர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் கூடுதலாக இறப்பார்கள் என்று 2020-ல் ஒரு ஆய்வு கணித்தது.

செந்தாமரை
அந்த எண் வந்தது 2020. ஜப்பான் மறுபடி ஊசியைப் பரிந்துரைத்துப் போட ஆரம்பித்தது 2022 ஏப்ரல். இடையில் போன இரண்டு வருடத்துக்கும் உங்கள் 1.5% கழிவு உண்டா வாத்தியாரே?