பெயரளவு மாறியா, பெயர்வகை மாறியா?

வணக்கம் அண்ணை,

நாங்கள் தொகுக்கும் புள்ளிவிபரவியல் சொற்பட்டியலில், பெயரை மட்டும் பதிகிற நாமினல் (nominal) மாறிக்குப் 'பெயரளவு மாறி' என்றே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பெயரளவு என்றதும் அவர்களுக்குப் 'பேருக்கு மட்டும்' என்றுதான் விளங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எந்த மாறியில் அளவே கிடையாதோ அதன் பெயரிலேயே 'அளவு' வந்து குந்தியிருப்பது.

திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மாம்பழக் கடையை எடுங்கோ. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி என்று இனங்கள். கணினியில் ஏற்றும்போது 1, 2, 3 என்று குறியிடுவோம். ஆனாலும் அவை பெயர்கள்தான். கூட்டி வகுத்து 1.8 என்று எடுத்தால் அது எந்த மாம்பழம்? எந்த இனம் கூடுதலாக விலைப்படுகிறது என்று ஆகாரம் (அதிக தடவை வருவது, mode) பார்க்கலாம், அவ்வளவுதான். பருத்தித்துறைக்கு ஓடும் 750 பஸ்ஸின் இலக்கமும் இதே இனம். ஆகவே 'பெயர்வகை மாறி' என்பதே என் முன்மொழிவு.

ஒழுங்கு உள்ள வகைகளைப் பதிகிற ஓடினல் (ordinal) மாறிக்கு ஒருவர் 'நிரல் மாறி' என்றார். அது சரிவராது. எங்கள் பாடநூல்களில் நிரல் என்றால் மேலிருந்து கீழ் வருவது. தரவு அட்டவணையில் எல்லா மாறியையும் நிரலில்தான் எழுதுகிறோம், அப்ப எல்லாமே நிரல் மாறிதானே? முதலாம் தரப் பழம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று ஒழுங்கு இருக்கிறது, இடையமும் (வரிசையில் நடுவில் நிற்பது, median) காணலாம். ஆனால் தரங்களுக்கு நடுவிலுள்ள தூரம் சமம் என்று சொல்ல ஏலாது. 'தரவரிசை மாறி' என்று வைப்போமா?

ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற பழங்களின் எண்ணிக்கை தனித்த மாறி, இடையில் எந்தப் பெறுமானமும் வரக்கூடிய நிறை தொடர் மாறி. இவற்றில் சண்டை இல்லை. உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இல் வகுத்த நான்கு அளவுத்திட்டங்களில் மற்ற இரண்டுக்கும் இடைவெளி (interval), விகிதம் (ratio) என்ற சொற்களே போதும். இடைவெளிக்கு 30 பாகை செல்சியஸ் 15 பாகையின் இரட்டிப்புச் சூடு அல்ல என்றும், விகிதத்துக்கு 300 ரூபாய் 150 ரூபாயின் இரட்டிப்புத்தான் என்றும் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

---

தம்பி,

பெயர்வகை நல்லாயிருக்கு, ஏற்றுக்கொள்கிறேன். 'வகை' என்பதே அந்த மாறி செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறது.

தரவரிசைதான் இடிக்குது. சேட்டு (சட்டை) அளவு சிறிது, நடுத்தரம், பெரிது என்று போகுது. அதில் வரிசை இருக்கு, தரம் எங்கே? பெரிய சேட்டு சிறியதைவிட உயர்ந்த சேட்டு இல்லையே. வாடிக்கையாளர் திருப்தியைக் கேட்கும் வினாக்கொத்துக்குத் தரவரிசை பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 'வரிசை மாறி' என்றே விடுவோம். தரவரிசை என்ற சொல் ராங்குக்குத் தேவைப்படும், அதை அங்கே வைத்திருப்போம்.

பட்டியலில் பெயர்வகை, வரிசை என்ற இரண்டு சொல்லையும் போடும். பெயரளவு என்பதையும் பக்கத்தில் பழைய வழக்கு என்று குறித்துவிடும், பழைய வினாத்தாள் பார்க்கிற பிள்ளைகள் தடுமாறக் கூடாது.