கேமன் ஜிடி4: மஞ்சள் காலிப்பரா, சிவப்பு காலிப்பரா?

ஸ்டுட்கார்ட்_மேகலை:
பழைய போர்ஷே 718 கேமன் ஜிடி4 கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 4.0 லிட்டர், 420 குதிரைத்திறன், மேனுவல் கியர். ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் சிவப்பு காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை பேடால் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்), வழக்கமான வார்ப்பிரும்பு டிஸ்க். இன்னொன்றில் மஞ்சள் காலிப்பர், அதாவது போர்ஷேவின் பிசிசிபி கார்பன் செராமிக். விலையும் அதற்கேற்ப அதிகம். வார இறுதியில் மலைச்சாலை, அவ்வப்போது நூர்பர்க்ரிங், வருடத்துக்குச் சில தடவை ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டும் டிராக் டே. இதுதான் என் ஓட்டம். எதை எடுக்கலாம்?

பேடு_மாத்தி:
டிராக் டே என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்புதான். இதே காரின் ரேஸ் வடிவமான ஜிடி4 கிளப்ஸ்போர்ட்டில் போர்ஷே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? நான்கு சக்கரத்திலும் 380 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க். நாள் முழுக்க பிரேக்கை மிதிக்கிற வண்டிக்கே இரும்பு போதும் என்றால் நமக்கென்ன? தேய்ந்தால் டிஸ்க்கையும் பேடையும் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். செராமிக் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் காசில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரே வாங்கலாம்.

மஞ்சள்_காலிப்பர்:
வந்துட்டார்யா! ரேஸ் கார் இரும்பு போடுவது செலவுக்காகவும் போட்டி விதிக்காகவும். இரும்பு உசத்தி என்பதால் அல்ல. செராமிக் டிஸ்க்கின் எடை இரும்பில் ஏறக்குறைய பாதி. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை குறைந்தால் மேடு பள்ளத்தில் டயர் சாலையை விடாது, ஸ்டீயரிங்கும் லேசாகத் திரும்பும். மேகலை, நீங்கள் ஓட்டப்போவது பெரும்பாலும் மலைச்சாலை. துரு கிடையாது, வீலில் கறுப்புத் தூள் படியாது. டிஸ்க்கும் பெரிது: முன்னால் 410, பின்னால் 390. 2001 வாக்கில் போர்ஷே 911-இன் 996 ஜிடி2 மாடலில் வந்த சமாச்சாரம் இது. நேற்று முளைத்ததில்லை.

பேடு_மாத்தி:
அதனால் கார் சீக்கிரம் நின்றுவிடுமா? இல்லையே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு எந்த பிரேக்கையும் மிதிக்க முடியும். அதற்குப் பிறகு நிறுத்துவது டயர்.

மஞ்சள்_காலிப்பர்:
ஒரு தடவை நிறுத்த என்றால் சரி. பத்தாவது தடவை? ஃபார்முலா ஒன்றில் ஏன் கார்பன் போடுகிறார்கள்?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
தம்பி, எஃப்1-ஐ இதில் இழுக்காதே. அது கார்பனில் கார்பன், சூடேறினால்தான் பிடிக்கும். அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் பால் வாங்கப் போக முடியாது. பிசிசிபி என்பது கார்பன் இழை கலந்த சிலிக்கன் கார்பைடு, வேறு சாதி.

மேகலை, சூட்டுக் கணக்கைப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ வண்டி 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 2.3 மெகாஜூல் பிரேக்கில் இறங்கும். 100-லிருந்து நிற்பதைவிட நான்கு மடங்கு. ஹாக்கன்ஹைமில் பாராபோலிகா முழுக்க ஆக்ஸிலரேட்டரை அமுக்கிவிட்டு ஸ்பிட்ஸ்கேரே வளைவுக்கு ஒரே மிதி. சுற்று 4.574 கிலோமீட்டர்தான், திரும்ப அங்கேயே வந்து நிற்பீர்கள். டிஸ்க் ஆறவே நேரம் இருக்காது. நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று அப்படியில்லை. ஷ்வேடன்க்ராய்ட்ஸ் தாண்டி ஆரெம்பெர்க் வளைவுக்கு நன்றாக மிதிக்க வேண்டும்தான். ஆனால் 20.8 கிலோமீட்டர் சுற்றின் கடைசியில் டோட்டிங்கர் ஹோஹே நேர்சாலை இருக்கிறது, காற்றுப் பட்டே ஆறிவிடும். பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே வந்துதான் மறுபடி நுழைய வேண்டும். ஆக, பிரேக்கை அடிக்கப்போவது ஹாக்கன்ஹைம்தான்.

அந்த அடியில் செராமிக் டிஸ்க்கின் தடிமன் குறையாது, எடை குறையும். உள்ளே இருக்கும் கார்பன் சூட்டில் எரிந்து போகும். அதனால்தான் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையைக் கிராமில் பொறித்திருப்பார்கள். கண்ணுக்குப் புதுசு மாதிரி இருக்கும், தராசில் வைத்தால் தெரிந்துவிடும்.

மஞ்சள்_காலிப்பர்:
அண்ணாச்சி, அதற்கும் வழி இருக்கிறதே. டிராக்குக்கு அதே அளவில் வெளிச்சந்தை இரும்பு டிஸ்க்கும் அதற்கான பேடும் மாட்டிக்கொண்டு, செராமிக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். விற்கும்போது திரும்பப் போட்டால் ஆயிற்று. எத்தனை பேர் செய்கிறார்கள்!

பேடு_மாத்தி:
கேட்டுக்கொண்டீர்களா மேகலை? செராமிக்குக்குக் காசு கொடுத்துவிட்டு இரும்பில் ஓட்டச் சொல்கிறார் ஐயா. இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதே இல்லை. :)

மஞ்சள்_காலிப்பர்:
சிரிக்கலாம். சாலையில் ஓட்டும் காலமெல்லாம் லேசான டிஸ்க் அவருக்குத்தானே?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
இன்னொன்று. செராமிக் வண்டியில் வீல் கழற்றும்போது வழிகாட்டிக் கம்பியைப் போல்ட் துளையில் மாட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். வீல் நழுவி டிஸ்க் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும். டயர் கடைப் பையன் அவசரத்தில் இருந்தால் போச்சு. ஓரத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். அப்புறம், எந்த வண்டி எடுத்தாலும் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்துப் பெடல் தரையைத் தொடும்போது டிஸ்க் என்ன நிறக் காலிப்பரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஸ்டுட்கார்ட்_மேகலை:
மஞ்சள் காலிப்பர் வண்டிக்காரரிடம் போனில் கேட்டேன். டிஸ்க்கைக் கழற்றி எடை போட விடமாட்டாராம். "டிராக் பக்கமே போகாத வண்டி" என்கிறார். ஆனால் விளம்பரப் படத்தில் முன்பக்கம், டிராக்கில் ஓட்டுபவர்கள் மாட்டுகிற இழுவைக் கொக்கி மாட்டியிருக்கிறது.

பேடு_மாத்தி:
கொக்கியா! விடுங்கள், சிவப்புக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

மஞ்சள்_காலிப்பர்:
அதற்குள்ளேயா? கழற்றாமலே கார்பன் அளவு பார்க்கும் மின்கருவி இருக்கிறது. வாங்கும் முன் பார்க்கும் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள், செலவு உங்களுடையது என்று சொன்னால் ஒத்துக்கொள்வார். அதற்கும் மாட்டேன் என்றால் முன் டிஸ்க் இரண்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி:
இரண்டு இல்லை, நான்கையும் கழித்துக் கேளுங்கள். அதற்குச் சம்மதித்தால் எனக்கும் சொல்லுங்கள், அந்த வண்டியில் வேறு என்ன கோளாறு என்று பார்க்க வேண்டியிருக்கும்.