பதின்வயதுப் பிள்ளைகளின் சூழல் கல்விப் பயணம்: தூரம் போகத்தான் வேண்டுமா?

கயலின் அம்மா:
பதினைந்து வயது மகளை, கடலாமைப் பாதுகாப்பைக் கற்றுத்தரும் இரண்டு வாரப் பயணத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். விமானத்தில் போய்வர வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு:
தயங்காமல் அனுப்புங்கள். ஆறு வருடமாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரவில் சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முட்டையிடும் ஆமைக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்போம். "சார், ஆமை அழுகிறது" என்றான் ஒரு பையன். அது கண்ணீர் இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது என்று சொன்னேன். மறுநாள் காலையில் அவனே வெப்பமானியைக் கேட்டு வாங்கி மணலின் சூட்டை அளந்தான். சூடு கூடக்கூடப் பெண் குஞ்சுகள்தான் அதிகம் பிறக்கும் என்று தெரிந்ததும், புவி வெப்பமாதல் அவனுக்கு வெறும் பாடமாக இல்லை.

குளத்தங்கரை:
எனக்கு உடன்பாடில்லை. ஒரு வழிக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து போய்வந்தால் ஒருவர் பங்குக்கே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. மணல் சூடாகிறது என்று கற்றுக்கொள்ள மணலைச் சூடாக்கும் வழியிலேயே போகிறோம். இன்னொன்று, முட்டை பொரிய ஐம்பது, அறுபது நாள் ஆகும். இரண்டு வாரத்தில் திரும்பும் பிள்ளை, தான் காவல் காத்த குழியில் என்ன ஆனது என்று பார்ப்பதே இல்லை. 1977-ல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் நடந்த யுனெஸ்கோ மாநாடு சூழல் கல்விக்கு ஐந்து குறிக்கோள்களை வைத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. இந்தப் பயணங்கள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகின்றன.

என் மாணவர்கள் இருபது சென்டிமீட்டர் வட்டத் தகட்டில் கறுப்பு வெள்ளை பூசி, கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்குகிறார்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் நீரின் தெளிவு. 1865-ல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் வெள்ளை வட்டை வைத்துத் தொடங்கிய முறை இது. வாரம் ஒரு முறை அளந்தால், ஒரு வருடத்தில் அந்தக் குளத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மணல்மேடு:
பொரிவதைப் பார்க்க முடியாது என்பது உண்மைதான், அது எனக்கும் உறுத்தல். ஆனால் எடுத்த அளவுகளை அடுத்த குழு தொடர்கிறது. இரண்டு மாதம் கழித்து "நம் குழி என்ன ஆச்சு?" என்று கேட்டு எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். குளத்தருகே வளர்ந்தும் அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். சிலருக்கு முதல் திறப்பு தூரத்தில்தான் கிடைக்கிறது.

குளத்தங்கரை:
சரி, அப்படியானால் கயலின் அம்மா சேருமுன் மூன்று கேள்வி கேட்கட்டும். பிள்ளைகள் எடுக்கும் அளவுகளை யார் பயன்படுத்துகிறார்கள்? குஞ்சுகளைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க விடுகிறார்களா? விடுகிறார்கள் என்றால் வேண்டவே வேண்டாம். அப்புறம், தரைவழியாகப் போகக்கூடிய கடற்கரை இல்லையா?

கயலின் அம்மா:
மூன்றையும் எழுதிக் கேட்டுவிட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. மகள் இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய டப்பா மூடியில் கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறாள். கயிற்றில் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட வேண்டும்?

குளத்தங்கரை:
பத்துக்கு ஒன்று போதும். மூடிக்கு அடியில் ஒரு கல்லைக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும்.