டிபிஎஃப் லைட், செக் இன்ஜின் லைட் சேர்ந்து எரியுது, பிக்கப் இல்ல: டிபிஎஃப் மாத்தியே ஆகணுமா?

வேளச்சேரி_டீசல்:
2021 மாடல், 1.5 லிட்டர் பிஎஸ்6 டீசல், 62,000 கி.மீ. தினமும் வேளச்சேரி–கிண்டி மட்டும்தான். முதல்ல டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கற ஃபில்டர்) லைட் வந்துச்சு. அப்புறம் செக் இன்ஜின் லைட்டும் சேர்ந்துக்கிச்சு. இப்ப 2500 ஆர்பிஎம் தாண்டவே மாட்டேங்குது. வண்டியை நிறுத்தின பிறகும் ஃபேன் சுத்துது. சர்வீஸ்ல டிபிஎஃப் அடைச்சிருச்சு, முழு அசெம்ப்ளி மாத்தணும்னு லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. வெளில ஒரு ஒர்க்‌ஷாப்ல அதைக் கழட்டிட்டு ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தறது) பண்ணிடலாம்ங்கறாங்க. ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டினா சரியாகுமா?

பம்ப்_நாசில்:
ஹைவே ஓட்டம் டிபிஎஃப் லைட் மட்டும் எரியறப்பதான் உதவும். நாலாவது கியர், 2000–2500 ஆர்பிஎம், 20 நிமிஷம், டேங்க்ல கால்வாசிக்கு மேல டீசல். செக் இன்ஜினும், பவரைக் குறைக்கற லிம்ப் மோடும் வந்துட்டா இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) தானா ரீஜென் (சேர்ந்த கரியை எரிச்சுச் சுத்தம்) பண்றதை நிறுத்திடும். அவ்வளவு கரியை ஒரே மூச்சுல எரிச்சா உள்ள இருக்கற செராமிக் விரிசல் விட்டுடும், அதான் காரணம்.

முதல்ல டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. ஆயில் மேக்ஸ் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடிச்சா வண்டியை எடுக்காதீங்க. ரீஜென்ல கரியை எரிக்க 600 டிகிரி வேணும், அதுக்காக இன்ஜின் கடைசி நேரத்துல கூடுதலா டீசல் அடிக்கும். பாதியில வண்டியை ஆஃப் பண்ணிட்டே இருந்தா அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியா சம்ப்புக்கு (அடியில ஆயில் நிக்கற தொட்டி) இறங்கிடும். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தின்னுடும். அளவு ரொம்ப ஏறினா இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிச்சு, சாவியை எடுத்தாலும் நிக்காம ஓடும் அபாயமும் உண்டு.

அப்புறம் ஓபிடி ஸ்கேனர் (வண்டியில பதிவான கோளாறு கோடைப் படிக்கற கருவி) போட்டு, இன்னும் உறுதியாகாத பெண்டிங் கோடையும் சேர்த்து எழுதுங்க. லைவ் டேட்டால கரி அளவு, டிஃபரன்ஷியல் பிரஷர் (டிபிஎஃப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள அழுத்த வித்தியாசம்), கூலண்ட் வெப்பம் மூணும் வேணும்.

வேளச்சேரி_டீசல்:
ஆயில் மேக்ஸுக்கு மேல ஒரு விரல் அளவு நிக்குது. கோடு பி2463, பெண்டிங்ல பி0128. பிரஷர்: சாவி ஆன், இன்ஜின் ஆஃப்ல 0, ஐடில்ல 24 மில்லிபார். கூலண்ட் அரை மணி ஓடியும் 66–68 டிகிரி. கடைசி ரீஜென் முடிஞ்சு 910 கி.மீ.

ரேடியேட்டர்_ராசா:
விடை அந்த பெண்டிங் கோடுலயே இருக்கு. பி2463ன்னா கரி சேர்ந்துடுச்சு, அவ்வளவுதான். டிபிஎஃப் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. பி0128ன்னா கூலண்ட் சூடே ஏறல. சென்னை வெயில்ல 68ல நிக்குதுன்னா தெர்மோஸ்டாட் (கூலண்ட் ரேடியேட்டருக்குப் போறதைக் கட்டுப்படுத்தற வால்வு) திறந்தபடி மாட்டிக்கிட்டிருக்கும். இன்ஜின் சூடு பத்தாதுன்னா இசியு ரீஜெனை ஆரம்பிக்காது, ஆரம்பிச்சாலும் முடிக்காது. இந்த நிலைல ஹைவே போனா காத்து அடிச்சு இன்னும் குளிரும்.

உறுதிப்படுத்த: காலைல இன்ஜின் ஆறியிருக்கறப்ப கூலண்ட் வெப்பமும் இன்டேக் காத்து வெப்பமும் ஏறக்குறைய ஒண்ணா காட்டணும். காட்டினா சென்சார் சரி. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. 80 டிகிரி நெருங்குற வரை அது ஜில்லுனு இருக்கணும். ஆரம்பத்துலயே வெதுவெதுன்னு வந்தா தெர்மோஸ்டாட்தான்.

வேலை இந்த வரிசைல நடக்கணும்: தெர்மோஸ்டாட் மாத்தி, கூலண்ட்ல மாட்டின காத்தை வெளிய எடுக்கணும், ஆயில் வடிச்சு சரியான அளவு ஊத்தணும், ஸ்கேனர்ல சர்வீஸ் ரீஜென். திறந்த இடத்துல, காஞ்ச இலை தழை இல்லாத தரைல. முடிஞ்சதும் ஆயில், ஃபில்டர் மறுபடி மாத்திடுங்க, ஏன்னா ரீஜென்லயே இன்னும் கொஞ்சம் டீசல் இறங்கும். மேனுவல்ல சொன்ன சாம்பல் குறைவான ஆயில்தான், பெரும்பாலும் சி2 இல்லைன்னா சி3 கிரேடு. லாரிக்கு ஊத்தற ஆயில் வேணாம். அதோட சாம்பல் எரியாம டிபிஎஃப்லயே தங்கிடும்.

பம்ப்_நாசில்:
ராசா சொன்னதோட ஒண்ணு. சர்வீஸ் ரீஜெனுக்கு முன்னாடி பிரஷர் சென்சாருக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் கழட்டி ஊதிப் பாருங்க. விரிசலோ அடைப்போ இருந்தா மொத்த ரீடிங்கும் பொய். முடிஞ்சதும் ஐடில்ல ஒற்றை இலக்கத்துக்கு இறங்கணும். கரி அளவு குறைஞ்சும் பிரஷர் இறங்கலைன்னா அது சாம்பல், கழட்டிக் கழுவணும். 62,000ல அந்த நிலை வர்றது அபூர்வம்.

டிபிஎஃப்பை எடுக்கற பேச்சையே விடுங்க. அது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், வாரன்டியும் போகும். தெர்மோஸ்டாட் கோளாறும் அப்படியே இருக்கும்.

சைலன்சர் வாயில உள்பக்கம் விரலை விட்டுத் தேய்ச்சும் பாருங்க. விரல் சுத்தமா வந்தா செராமிக் முழுசா இருக்கு. மை மாதிரி கரி ஒட்டினா விரிசல். அப்ப மட்டும் அந்த எஸ்டிமேட்டைப் பத்தி யோசிக்கலாம்.