ஆஃப்ஷோர் காத்துக்குத் தமிழ்: கச்சான் எண்டு வைக்கேலாது

அலைச்சறுக்கில (சேர்ஃபிங்) கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்தை ஆஃப்ஷோர் எண்டுவினம், அதுக்குத் தமிழ்ச் சொல்லு தேடேக்க சென்னை அண்ணா கேட்டது:

> மீனவங்க சொல்லே இருக்கும்போது புதுசா எதுக்கு? கச்சான்னே வெச்சிட்டுப் போவோம்.

அண்ணா, எனக்கும் ஆசைதான், சின்னனில இருந்து காதில விழுந்த சொல்லு. ஆனா ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. இலங்கையின்ர கிழக்குக் கரையில, எங்கட அறுகம்பேல சேர்ஃபிங் சீசன் ஏப்ரல் கடைசியில துவங்கி ஒக்டோபர் மட்டும், அந்த மாசங்களில தென்மேல் பருவக்காத்து மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு காய்ஞ்சு சுடச்சுட எங்கட பக்கம் இறங்கி கடலுக்குப் போகும், அதைத்தான் கச்சான் எண்டுறம். வாற அலைக்கு எதிரா அடிக்கிறதால அலையின்ர முகத்தை நிமித்திப் பிடிச்சு வைச்சிருக்கும், கெதியா நொறுங்க விடாது. அங்க அது ஆஃப்ஷோர், சரி. அதே கச்சான் அதே ஆடி மாசம் தென்மேல் கரையில இருக்கிற ஹிக்கடுவவில கடலில இருந்து கரைக்கு அடிக்குதே, அதுக்கு என்ன பேர் வைக்கிறது? அந்தப் பக்கம் ஆக்கள் சேர்ஃப் பழகிறது நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும், அப்ப அங்க நிலத்தால வாறது வாடை (வடகீழ்ப் பருவக்காத்து), அந்த வாடை எங்களுக்குக் கடலால வருது. கச்சான், வாடை, சோழகம், கொண்டல் எல்லாம் காத்து எந்தத் திசையில இருந்து வருது எண்டு சொல்லும், கரைக்கும் காத்துக்கும் என்ன உறவு எண்டு சொல்லாது. எங்களுக்கு வேண்டியது ரெண்டாவது.

(இன்னொண்டு, இங்க கச்சான் எண்டா நிலக்கடலையும்தான். அறுகம்பேக்குத் தெற்கால பீனட் ஃபாம் எண்டே பழகிற ஆக்கள் போற ஒரு இடம் இருக்கு. "பீனட் ஃபாமில இண்டைக்கு நல்ல கச்சான்" எண்டு எழுதினா வாசிக்கிறவன் கடலைச் சரையைத்தான் தேடுவான்.)

> நிலக்காற்று, கடற்காற்று ஸ்கூல் புக்லயே இருக்கே?

இருக்கு, ஆனா அது ராவில நிலம் குளிர்ந்து பகலில சூடாகி மாறி மாறி வாற நாளாந்தக் காத்து, காரணத்தைச் சொல்லுற பேர். கச்சான் நேரம் வாறது பருவக்காத்து, அதை நிலக்காற்று எண்டா ஜியோகிரஃபி ரீச்சர் சண்டைக்கு வருவா. "கடல்சார் காற்று" எண்டு ஒருத்தர் போட்டிருந்தவர், அதைக் காற்றாலைக்காரருக்கே விட்டிடுவம், அவைக்கு ஆஃப்ஷோர் எண்டா ஆலை நிக்கிற இடம், எங்களுக்குக் காத்து போற பக்கம். "புறங்கரை" சத்தியமா எனக்கு எந்தப் பக்கம் எண்டே விளங்கேல்ல.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுறன் எண்டா அறுகம்பேயில இருக்கிற பேபி பொயின்ற்றால. மெயின் பொயின்ற்றில அடியில பாறை, அலை அந்த முனையைச் சுத்தி வளைஞ்சு உள்ள வரேக்க பலம் குறைஞ்சு, பேபி பொயின்ற்றில மணல் தரையில, இடுப்பளவு தண்ணியில உடையும், அதால புதுசா பழகிறவையை அங்கதான் கொண்டு போறது. விடியவெள்ளன தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானத்துக்குக் கிட்ட கடல்காத்து எழும்பினா எல்லாம் குழம்பிடும். இப்ப புதுசா வாற பிள்ளைக்கு "ஆஃப்ஷோர் நல்லது" எண்டு மட்டும் சொல்லிக் குடுத்தா, அது பெரிய ஃபோம் பலகையில படுத்து அலை வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்க, அந்த நல்ல காத்தே மெல்ல மெல்ல வெளிய தள்ளிக்கொண்டு போயிடும், திரும்பிப் பாத்தா கரை தூரத்தில. சொல்லைக் கேக்கேக்கயே எந்தப் பக்கம் தள்ளும் எண்டு தெரியவேணும்.

என்ர முன்மொழிவு: கடலுக்குப் போறது கரைவிடு காற்று, கரைக்கு வாறது கரையேறு காற்று, கரை வழிய போறது கரையோடு காற்று.

---

தம்பி, கரையேறு பிரமாதம். இங்க சென்னை கோவளத்துலயும் ஜூன் ஜூலைல காலைல மேற்கால இருந்து கரைவிடு, மதியத்துக்கு மேல கரையேறுன்னு அப்படியே பொருந்துது. ஆனா கரையோடுன்னா "கரையோட சேர்த்து"ன்னு படிச்சிட மாட்டாங்களா? அப்புறம் பாதிப்பேரு "கரைவிடுக் காற்று"ன்னு க் போட்டுத்தான் எழுதுவாங்க பாருங்க.

---

போடட்டும் அண்ணா, திருத்துவம். விடு, ஏறு, ஓடு மூண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது, ஊறுகாய்க்கு யாராவது க் போடுறவையோ? கரையோடு எப்பிடிப் படிச்சாலும் காத்து கரை வழியதான் போகுது, அதால நட்டமில்ல. பேபி பொயின்ற்றில பழக்கிற என்ர மச்சானிட்டயும் கேட்டுப் பாத்தன், கரைவிடு எண்டவுடனே "ஓ, தோணிய வெளிய கொண்டு போற காத்து" எண்டான், நான் ஒண்டும் விளக்கேல்ல. கரையேறுக்குத்தான் கொஞ்சம் சிரிச்சான், "எங்களைக் கரையேத்துமோ" எண்டு.

ஸ்வெல்லுக்கு (தூரக்கடலில இருந்து உருண்டு வாற அலைக்கு) நீங்க போட்ட "தொலைவலை"யை மட்டும் தயவுசெய்து திருப்பி எடுங்கோ. அவன் அது என்ன வலை, கண் எத்தினை அங்குலம் எண்டு கேக்கிறான்.