குறட்டைக்கு நாக்குப் பயிற்சி: யாராவது செய்து பார்த்தீர்களா?

கேள்வி:
என் கணவருக்கு 51 வயது. மூன்று வருடமாகக் குறட்டை. மல்லாந்து படுத்தால் கதவைச் சாத்தினாலும் கூடம்வரை கேட்கும். பிளஸ் டூ படிக்கும் மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவரும் பாவம், தங்கை கல்யாணத்தில் மண்டபத்தில் எல்லாரோடும் படுக்கக் கூச்சப்பட்டு, காரிலேயே ராத்திரியைக் கழித்தார். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. நாக்குக்கு ஏதோ பயிற்சி இருக்கிறதாமே, பலன் உண்டா?

பதில் 1:
உண்டு அக்கா, நான் செய்தேன். ஆனால் மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, உள்நாக்கும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய சதையும் மூச்சுக்காற்றில் அதிர்வதுதான் குறட்டை. பயிற்சி அந்தத் தசையை வலுப்படுத்துகிறது.

காலையில் பல் தேய்த்ததும் கண்ணாடி முன்னால் நின்றுகொள்வேன். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தை ஒட்டியபடியே பின்பக்கம் இழுக்க வேண்டும், 20 தடவை. அடுத்து நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டவைத்து அழுத்துவது, அதுவும் 20. அப்புறம் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருக்க, நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது. கடைசியாக வாயை அகலத் திறந்து 'ஆ' சொன்னால் உள்நாக்கு மேலே ஏறுவது கண்ணாடியில் தெரியும். முதல் வாரம் எனக்கு அது லேசாகத் துடித்ததோடு சரி. தாடைக்கு அடியில் வலிகூட வந்தது. சத்தம் குறைந்திருக்கிறது என்று மனைவி சொன்னது இரண்டாவது மாதக் கடைசியில்தான்.

பிரேசில் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாளிகள் இதுபோன்ற பயிற்சியை மூன்று மாதம் செய்தார்கள். சராசரியாக மணிக்கு 22 தடவை இருந்த தடை 14க்கு இறங்கியது.

பதில் 2:
பயிற்சி பலன் தரும்வரை பந்து வைத்துப் பாருங்கள். பழைய பனியனின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஒரு பை தைத்து, டென்னிஸ் பந்தைப் போட்டுப் பையின் வாயையும் தைத்துவிட வேண்டும். ஊக்கு குத்தாதீர்கள், ராத்திரியில் கழன்றுவிடும். மல்லாந்தால் பந்து உறுத்தும், தானாக ஒருக்களித்துவிடுவார். மல்லாக்கப் படுத்தால்தானே நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது? மூக்கடைப்பு இருந்தால் படுக்குமுன் உப்புநீர் சொட்டு மருந்து. குடிப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்தாமல் எதுவும் நிற்காது.

பதில் 3:
அம்மா, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு வருகிறதா? என் அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. அசதியில் தூங்குகிறார் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் பட்டப்பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகிப் பாலச் சுவரில் மோதினார். அப்புறம்தான் தூக்கப் பரிசோதனை, மூச்சு வழி அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவி எல்லாம். இன்று முகமூடி மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். காலையில் தலைவலி, பகலில் தூக்கம், ரத்த அழுத்தம் இருந்தால் பயிற்சியை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ராத்திரி விழித்திருந்து பார்த்தேன். இரண்டு மணி வாக்கில் சத்தம் நின்றது. விநாடி எண்ணினேன், பதினான்கில் திணறி மூச்சு வந்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை. போனில் பதிவு செய்து காலையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, சரி போகலாம் என்றார். வெள்ளிக்கிழமை காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கிறோம். பனியனில் பை தைத்தாகிவிட்டது.